கூண்டுக்குருவி வீடு

ஒரு குருவியின் வயிற்று நிறத்தை விசாரிக்க இலங்கையில் கல்முனைக்குப் போகிறேன் என்று சொன்னதும் என் தம்பி மனைவி, "அங்கே மீன் நல்லா கிடைக்குமாமே" என்றாள். ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியைக்கு வேறு வேலை இல்லை என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது.

விஷயம் சின்னதுதான். நாகர்கோவிலில் எங்கள் இயற்கைக் கழகம் பல வருடங்களுக்கு முன் சில்லைகளைப் பற்றி ஒரு கையேடு போட்டது. தொகுத்தவள் நான், குறிப்புகள் கேட்டு இலங்கைப் பத்திரிகைகளுக்கும் எழுதியிருந்தோம். சில்லை சிட்டுக்குருவியைவிடச் சிறியது, தடித்த அலகுள்ளது, புல்விதையும் நெல்லும் தின்பது. ஈட்டிவால் என்று பொருள்வரும் ஒரு கிரேக்கப் பெயரை அறிவியல் இந்தப் பேரினத்துக்கு வைத்திருக்கிறது. பாடும் பறவைகளின் வரிசையில்தான் சேர்த்திருக்கிறார்கள், ஆனால் அது பாடுவது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு சில்லைக்குத்தான் கேட்கும்.

இந்தப் பேரினம் ஒரு பெரிய கூட்டுக்குடும்பம். யாராவது தனிக்குடித்தனம் போய்க்கொண்டே இருப்பார்கள். ஆப்பிரிக்காக்காரர்களை முதலில் வெளியே அனுப்பினார்கள். நம் முள்காட்டில் சாதாரணமாகத் திரியும் வெண்தொண்டைச் சில்லையை அடுத்து அனுப்பினார்கள். பிறகு கருந்தலைச் சில்லையை இரண்டாக வெட்டினார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பதற்கு வயிறு வெள்ளை, நடுவில் கறுப்புப் பட்டை. வடகிழக்கிலும் அதற்கு அப்பால் கிழக்கு நாடுகளிலும் இருப்பதற்கு வயிறும் செங்கல் பழுப்பு. நேற்றுவரை ஓரினம், இன்றைக்கு ஈரினம். கையேட்டின் புதிய பதிப்புக்காக, கருந்தலைச் சில்லை என்று யார் எப்போது எழுதிய கடிதமானாலும் எடுத்து, வயிறு வெள்ளையா பழுப்பா என்று மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று.

அப்படிப் பார்க்கும்போதுதான் அந்தப் பழைய கடிதம் கையில் சிக்கியது. மூன்று தாள், நீல மை, அனுப்பியவர் ஆதம்பாவா, வட்டவிதானை, கல்முனைக்குடி. வட்டவிதானை என்றால் வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீர் பங்கிட்டு விடுகிறவர், விவசாயிகளே தேர்ந்தெடுப்பது. "எங்கட வயலுக்குப் பக்கத்துப் பன்னுக்குள் கறுப்புத்தலை நெல்லுக்குருவி கூடு கட்டியிருக்கிறது, பதினேழு கூடு எண்ணினேன், வயிறு வெள்ளை, நடுவில் கறுப்பு, வாயைத் திறக்கிறது, சத்தம் வரவில்லை" என்று எழுதியிருந்தார். பன் என்பது பாய் பின்னும் கோரை. இவ்வளவு சுத்தமான குறிப்பை என் மாணவர்களில் ஒருவர்கூட எழுதியதில்லை. ஓரத்தில் பென்சிலில் என் கையெழுத்து: "கூண்டிலிருந்து தப்பியவை. நீக்குக."

அப்போது எனக்கு முப்பது வயது. நூலகத்து வரைபடத்தில் கல்முனைக்குடியைத் தேடினேன். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வீட்டுக்கூரைகள். இங்கே ஏது கோரைக்காடு என்று முடிவுகட்டினேன். முஸ்லிம்கள் நெருங்கி வாழும் கடைத்தெரு ஊர், யாராவது கூண்டில் வளர்த்திருப்பார்கள் என்றும் நினைத்தேன். அந்த இரண்டாவது நினைப்பை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தால், அந்த நாளில் பறவைக் கடைகளில் நான் பார்த்த கருந்தலைச் சில்லைகளுக்கெல்லாம் பழுப்பு வயிறு. இவர் எழுதியது வெள்ளை வயிறு. நான் நீக்கியது தப்பு என்று குருவியின் வயிறே சாட்சி சொன்னது. கையேட்டின் வரைபடத்தில் அந்த இடத்துக்கு ஒரு புள்ளி வைக்க வேண்டும், அதற்கு அந்த வயலைப் பார்க்க வேண்டும். கிளம்பிவிட்டேன்.

*

முதல் நாள் முழுக்கப் பேருந்தில் போயிற்று. என் பையை நடத்துநர் ஒரு கருவாட்டு மூட்டைக்கு மேல் வைத்தார். நான் எடுத்து மடியில் வைத்தேன். கொஞ்ச தூரம் போனதும் மூட்டையைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். எங்கள் ஊர்ப் பேருந்தில் இதற்கு ஒரு சண்டை நடந்திருக்கும். இங்கே எல்லோரும் காலைத் தூக்கி மூட்டைமேல் வைத்துக்கொண்டார்கள். நானும் வைத்தேன்.

முன் இருக்கையில் அலைச்சறுக்குப் பலகைகளோடு இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள். கல்முனைச் சந்தைப் பக்கம் பேருந்து நெரிசலில் நின்றபோது ஒருவன், "இங்கே இறங்கிப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டான். மற்றவன் கைபேசியைத் தடவிவிட்டு, "ஒன்றும் இல்லை. தூங்கு" என்றான். எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு, நானும் அதே வேலையைத்தான் ஒரு பென்சிலால் செய்தேன் என்று நினைவு வந்து வாயை மூடிக்கொண்டேன்.

தங்கியது ரோஸ்மலர் என்ற ஓய்வுபெற்ற தாதியின் வீட்டில். மெதடிஸ்ட் கிறிஸ்தவர், தனியாக இருக்கிறார், மேல்மாடி அறையை வாடகைக்கு விடுகிறார். இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம், சொதி, பாரைமீன் குழம்பு, கடைசியில் மண்சட்டியோடு எருமைத் தயிர். கத்தியால் வெட்டலாம் போலிருந்த தயிரின் மேல் கித்துள் பாணி என்ற பனைப்பாகு ஊற்றித் தந்தார். தயிருக்கு இனிப்பா என்று நான் முகம் சுளித்ததைப் பார்த்துவிட்டார்.

"மிஸ், நாங்க உங்கட ஊர்த் தயிர்சாதத்தைப் பத்தி ஒண்டும் கதைக்கிறல்ல. நீங்களும் கதைக்காமச் சாப்பிடுங்க."

சாப்பிட்டேன். இரண்டாம் முறை கேட்டும் வாங்கினேன்.

*

இரண்டாம் நாள் காலை கல்முனைக்குடித் தெருக்களில் ஆதம்பாவாவைத் தேடினேன். ஓட்டோ நிறுத்தத்தில் ஐந்தாறு பேர் பால் விடாத பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எந்த ஆதம்பாவா? எங்கட தெருவிலயே நாலு பேர் இரிக்காங்க."

"வட்டவிதானையாக இருந்தவர். வயசானவர்."

"வட்டவிதானையா?" ஒருவர் மற்றவரைப் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. சுனாமியில் கடல் வந்து போன ஊர் இது. ஆட்கள் தெருத்தெருவாகப் போனார்கள். அவரும் போயிருக்கலாம். "குருவியைப் பற்றியெல்லாம் கடிதம் எழுதுவார்" என்றேன், கடைசி முயற்சியாக.

"அட, கூண்டுக்குருவிர வீடு" என்றார் ஒருவர். எல்லோர் முகமும் தெளிந்தது. "அப்பிடிக் கேக்கிறல்லயா? நேராப் போய், ரெண்டாவது ஒழுங்கைக்குள்ள, நீலக் கேற்று. ஜெஸீமா டீச்சர்ர வாப்பா."

இந்த ஊர்களில் ஒரே பெயர் பத்துப் பேருக்கு இருப்பதால் வீட்டுக்கு வீடு பட்டப்பெயர் உண்டு. பனங்காய், கொட்டான், மணிக்கூடு என்று எதுவும் இருக்கலாம். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கல்யாணக் கடிதம் கொடுக்கும்போதுகூட அதைச் சொல்லித்தான் வீட்டை அடையாளம் காட்டுவார்கள். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மனிதர் இன்னும் குருவி வளர்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனேன்.

நீலக் கேற்றைத் திறந்தது ஜெஸீமா. நாற்பத்தைந்து வயதிருக்கும், கண்டிப்பான கணக்கு ஆசிரியை. மகளுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையைக் கூட்டி வருவது இவர்கள் வழக்கம், அதனால் வீடு அவருடையது, தகப்பனார் அவரோடு இருக்கிறார். இந்தியாவிலிருந்து வருகிறேன், பறவைக் கையேடு என்றதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. உட்காரச் சொன்னார். கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைத் தொப்பியும் சாரமுமாக ஒரு முதியவர் இருந்தார். கால் வீங்கியிருந்தது. கண் மட்டும் நல்ல கூர்மை.

நான் பேச்சைக் கலகலப்பாகத் தொடங்கலாம் என்று நினைத்தேன். "பெரியவர் இன்னும் குருவி வளர்க்கிறாரா? தெருவில் அப்படித்தான் வழி சொன்னார்கள்."

ஜெஸீமா உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். "டீச்சர், எங்கட வீட்டில ஒரு நாளும் ஒரு குருவியும் வளர்த்ததில்ல. இத வாசிங்க. அந்தப் பேரை வெச்சது ஆரெண்டு விளங்கும்."

பைக்குள் கழகத்தின் தலைப்புத்தாளில் நாலே வரி. "தாங்கள் கண்டவை கூண்டிலிருந்து தப்பிய குருவிகள் என்று கருதுகிறோம். தங்கள் பகுதியில் இவ்வினம் கூடு கட்ட வாய்ப்பில்லை. இனிமேல் குறிப்பு அனுப்பும்போது கவனமாக இருக்க வேண்டுகிறேன்." கீழே என் கையெழுத்து. கடைசி வரியை நான் மறந்தே போயிருந்தேன். ஒரு மனிதருக்குக் கவனத்தைப் பற்றிப் பாடம் எடுத்திருக்கிறேன்.

"நீங்கதானா அது" என்றார் ஆதம்பாவா. குரலில் கோபம் இல்லை. "கையெழுத்தப் பார்த்து ஆம்பிளையெண்டு நெனச்சன்."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. வேலையைப் பேசினால் தப்பிக்கலாம் என்று நினைத்தேன். வயிறு வெள்ளை, இனம் இரண்டாகப் பிரிந்தது என்று வகுப்பு எடுக்கிற குரலில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அந்த வயலைப் பார்க்கலாமா? வீட்டுக்குப் பின்னால்தானே?" என்றேன்.

ஜெஸீமா சிரித்தார். சந்தோஷத்தில் வந்த சிரிப்பு இல்லை. "பின்னால கடல் டீச்சர்."

"எங்கட வயல் என்று எழுதியிருந்தாரே."

"ஓம். எங்கட வயல் சாகாமத்தில. ஓட்டோவில போனா ஒண்டரை மணித்தியாலம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தக் கரையில் சனங்கள் கடலோரமாகச் சுவரோடு சுவர் ஒட்டிக் குடியிருக்கிறார்கள். வயல்கள் வெகுதூரம் உள்ளே, குளங்களுக்குக் கீழே. விதைப்புக்கும் வெட்டுக்கும் ஆண்கள் போய் வாடி போட்டுத் தங்கி, வெள்ளாமையோடு திரும்புவார்கள். தெருவில் போகிற எவரைக் கேட்டாலும் சொல்வார். அதனால்தான் அவர் எழுதவில்லை. எழுத வேண்டிய விஷயம் என்றே தோன்றியிருக்காது. எங்கள் ஊரில் கொல்லைக்கதவைத் திறந்தால் வயல். அதனால் நான் கேட்கவில்லை. அவருடைய குருவியை அதன் கோரையிலிருந்து தூக்கிக் கடலோரத்து ஓட்டுக்கூரைமேல் உட்கார வைத்துவிட்டு, இங்கே எப்படி வந்தாய், கூண்டிலிருந்து தப்பித்தாயா என்று விசாரித்திருக்கிறேன்.

மீதியைத் தகப்பனும் மகளும் மாறிமாறிச் சொன்னார்கள். வாய்க்கால் முடிகிற இடத்தில் ஒரு பன் பத்தை இருந்தது. அதை எரித்து வயலாக்க வேண்டும் என்று மற்ற விவசாயிகள் கேட்டார்கள். விதைப்புக்கு முந்தின கூட்டத்தில் ஆதம்பாவா மறித்தார். இந்தக் குருவி இந்தியாவில் புத்தகத்தில் வரப்போகிறது, நம் வயல் கண்டத்தின் பெயரும் வரும், ஒரு போகம் பொறுங்கள் என்றார்.

"நெல்லுத் திங்கிற குருவிக்கு வட்டவிதானை வக்காலத்து வாங்கிறாரெண்டு ஒரே கதை" என்றார் ஜெஸீமா. "கடிதம் வரட்டும், பாப்பமெண்டாங்க. கடிதம் வந்திச்சி. வாப்பா பிரிச்சிப் பார்க்காமக் கொண்டுபோய்க் குடுத்தார், கூட்டத்திலயே வாசிக்கட்டுமெண்டு."

"பிரிச்சிரிக்கணும்" என்றார் ஆதம்பாவா.

அது பிரச்சினைக் காலம் என்று இங்கே சொல்லும் போர்க்காலம். வயலுக்குப் போவதே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவதுதான். சிரிக்க ஒன்றும் கிடைக்காத நாட்களில் சனங்களுக்குச் சிரிக்க ஒன்று கிடைத்தது. அந்தக் கூட்டத்திலேயே வேறு வட்டவிதானையைத் தேர்ந்தெடுத்தார்கள். அடுத்த வாரம் பன்னை எரித்தார்கள். பட்டப்பெயர் வாடியிலிருந்து வெள்ளாமை மூட்டையோடு ஊருக்கு வந்து சேர்ந்தது. ஜெஸீமா பள்ளிக்கூடத்தில் கூண்டுக்குருவிர மகள் ஆனார். இப்போது அவருடைய மாணவர்கள் அவரைக் கூண்டுக்குருவி டீச்சர் என்கிறார்கள், முதுகுக்குப் பின்னால்தான்.

மதியம் சாப்பிடாமல் விட மாட்டோம் என்றார்கள். சோறு, மாட்டிறைச்சி ஆணம், கத்தரிக்காய்ப் பால்கறி. நான் நாலு கவளத்தோடு நிறுத்திக்கொண்டேன். "இந்தியாவில இவ்வளவுதான் சாப்பிடுவாங்களா?" என்று ஆதம்பாவா உண்மையாகவே கவலைப்பட்டார். கெடுதல் செய்தவளுக்கு இன்னும் ஒரு கரண்டி கறி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

*

மூன்றாம் நாள் சனிக்கிழமை. ஜெஸீமாவுக்கு விடுமுறை. வாப்பாவால் அவ்வளவு தூரம் உட்கார முடியாது, நான் வாறன் என்றார். ஒலுவில் துறைமுகத்துக்குத் திரும்பும் வழியைக் கடந்து, பிறகு மேற்கே திரும்பியதும் நாட்டின் நிறமே மாறியது. சுவர்கள் போய் நெல் வந்தது. கதிர் பால் பிடிக்கும் சமயம். சில்லைகளுக்கு இதுதான் பெருநாள்.

வாய்க்கால் வரம்பில் ஓட்டோ பின்சக்கரம்வரை சேற்றில் இறங்கியது. ஓட்டோக்காரர் இறங்கிப் பார்த்துவிட்டு, "நீங்க பெரியாள், இரிங்க" என்றார் என்னிடம். பெரியாள் என்றது வயதையா எடையையா என்று தெரியவில்லை. இறங்கித் தள்ளினேன். ஜெஸீமாவும் அபாயாவைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தள்ளினார். ஓட்டோ துள்ளி ஏறியபோது எங்கள் இருவர் முகத்திலும் ஒரே அளவு சேறு. அவர் தன் கைக்குட்டையில் பாதியை எனக்குத் தந்தார். அந்தப் பயணத்தில் எங்களுக்குள் நடந்த சமாதானம் அவ்வளவுதான்.

பன் இருந்த இடத்தை அவர் காட்டினார். சதுரம் சதுரமாக வயல், கடைசியில் சிமெந்துக் கட்டு. காலை எட்டு மணியிலிருந்து நடுப்பகல்வரை தொலைநோக்கியை இறக்காமல் நின்றேன். புள்ளிச் சில்லை ஒரு கூட்டம், கதிர்மேல் விழுந்து எழுந்தது. முள்வேலிக் கம்பியில் வெண்தொண்டை நாலைந்து, தனிக்குடித்தனம் போனதன் கவலையே இல்லாமல். நடுவில் ஒரு கறுப்புத் தலை தெரிந்தமாதிரி இருந்தது. திரும்பியது, தலையில் நிழல் விழுந்த புள்ளிச் சில்லை. குளத்தின் மறுகரைவரை நடந்தோம். இரண்டு இடங்களில் முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கோரை நின்றது. அதில் ஒரு கூடுகூட இல்லை. கேட்ட விவசாயிகள் நாலு பேரும் அப்படி ஒன்றை ஆயுளில் பார்த்ததில்லை என்றார்கள். அதில் இருவருக்கு என் வயது, ஆனால் பன் எரிந்த பிறகு இங்கே வந்தவர்கள்.

கட்டின் ஓரத்தில் மண்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரண்டு பேர் சோற்றுப் பொட்டலம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். ஜெஸீமா எனக்குத் தணிந்த குரலில் மொழிபெயர்த்தார்.

"ஒவ்வொரு மாரிக்கும் இந்த இடம்தான் முதல்ல உடையுதாம். போன வருசமும் இவங்கதான் கட்டினாங்களாம். முந்தி இங்க பன் நிண்டு மண்ணைப் பிடிச்சிருந்திச்சி, அத எந்த மடையன் எரிச்சானெண்டு கேக்கிறார்."

"பதில் சொல்லுங்களேன்" என்றேன்.

"ஆர்ர பேரைச் சொல்லட்டும் டீச்சர்?" என்று அவர் என்னைப் பார்த்தார். நான் தொலைநோக்கியை உறைக்குள் போட்டேன்.

*

நாலாம் நாள் விடைபெறப் போனேன். ஜெஸீமா முடிவோடு இருந்தார். மேசைமேல் தாளும் பேனாவும் தயாராக இருந்தன.

"ரெண்டு விசயம் டீச்சர். ஒண்டு, நீங்க பிழையா எழுதினதெண்டு ஒரு கடிதம். மற்றது, புதுப் புத்தகத்தில சாகாமத்தில ஒரு புள்ளி. வாப்பா மௌத்தாகிறதுக்கு முதல் அத நான் விவசாயச் சங்கத்தில கொண்டுபோய்க் காட்டணும்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது. நியாயம் என்பதைவிட, மலிவாகப் பட்டது என்று சொன்னால்தான் சரி. ஒரு பேனா முனை அளவு மை, அதோடு என் கணக்குத் தீர்ந்தது. "கட்டாயம் போடுகிறேன்" என்று பையிலிருந்து கையேட்டை எடுத்துக் கருந்தலைச் சில்லையின் வரைபடத்தை விரித்து, சாகாமம் இருக்கும் இடத்தில் பேனாவை வைத்துக் காட்டினேன்.

"அதத் தாங்க" என்றார் ஆதம்பாவா.

அந்தப் புத்தகத்தை அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு பிரதி அனுப்பக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. அவர் என் வாசிப்புக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு, படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கீழே பொடி எழுத்தில் இருந்ததை விரல் வைத்து வாசித்தார். "இவ்வினம் தற்போது கூடு கட்டும் இடங்கள்."

"நேத்துப் பார்த்தீங்களா புள்ள?"

"இல்லை."

"ஒண்டுமே?"

"ஒன்றுமே இல்லை. ஆனால் அன்றைக்கு இருந்ததே. நீங்கள் எண்ணினீர்களே, பதினேழு கூடு."

"அண்டைக்கு இருந்திச்சி. நீங்க இல்லயெண்டு எழுதினீங்க. அது வராம, பார்க்காம எழுதினது, தெரியாமச் செஞ்ச பிழை." புத்தகத்தை மூடினார். "இப்ப வந்து, சேத்தில இறங்கி, ரெண்டு கண்ணாலயும் பார்த்திட்டுப் போறீங்க. இல்லாத குருவிய இருக்கெண்டு எழுதுவீங்களா?"

"வாப்பா" என்றார் ஜெஸீமா.

"இல்ல மகள். அந்த இடம் இப்ப வெறும் இடம். படத்திலயும் வெறுமையாத்தான் இருக்கணும். அவங்கட புத்தகம் இப்பதான் சரி."

முப்பது வருடத்துக்கு முன் நான் செய்த தப்பு, எரிந்த பன்னோடு சேர்ந்து உண்மையாகிவிட்டது. திருத்த இடமே இல்லை. முன்பு இங்கே இருந்தது என்று அடிக்குறிப்பாவது போடுகிறேன், கண்டவர் பெயரோடு போடுகிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

"போடுங்க. அது உண்மை" என்றார்.

கண்ணாடியைத் திரும்ப வாங்கிக் கடிதத்தை எழுதினேன். நாலு வரியில் முடித்த மனுஷிக்கு இந்த முறை இரண்டு பக்கம் வந்தது. வயல் எங்கே என்று கேட்காதது என் தவறு, அவர் எழுதிய ஒவ்வொரு சொல்லும் சரி, கவனமாக இருக்க வேண்டியவள் நான்தான் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஆதம்பாவா மறுபடி என் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார், ஜெஸீமா சத்தமாக வாசித்தார். முடித்ததும், "இத அடுத்த கூட்டத்தில வாசிக்கச் சொல்லப்போறன்" என்றார்.

"ஆருக்கு வாசிக்கிற?" என்றார் ஆதம்பாவா. "அண்டைக்குச் சிரிச்ச ஆக்களெல்லாம் மௌத்தாகிட்டாங்க. பாதிப்பேரைக் கடல் கொண்டுபோயிட்டு. இப்ப இருக்கிற பொடியன்மாருக்கு அந்தப் பேர் எங்க இருந்து வந்ததெண்டே தெரியா. நாம போய்ச் சொன்னாத்தான் திரும்பவும் சிரிப்பாங்க."

ஜெஸீமா என் இரண்டாவது கடிதத்தை மடித்து, முதல் கடிதம் இருந்த அதே பொலித்தீன் பைக்குள் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். வெகுநேரம் பாத்திரச் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. வழிக்குச் சாப்பிட என்று தொதல் என்ற இனிப்பு ஒரு பொட்டலம் தந்தார். வாங்கிக்கொண்டேன். ஆதம்பாவா எழுந்து நிற்க முயன்றார், நான் வேண்டாம் என்றேன், அவர் கேட்கவில்லை, நின்றுதான் வழியனுப்பினார். இப்படிப்பட்ட ஒருவரைக் கவனமாக இருக்கச் சொன்னவள் நான்.

பேருந்து நிலையத்தில் நேர அட்டவணையின் பொடி எழுத்தைப் படிக்கக் கைப்பையைத் துழாவியபோதுதான் கண்ணாடி இல்லை என்று தெரிந்தது. அவர் மூக்கிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நிறுத்தத்தில் நின்ற ஓட்டோவில் ஏறினேன். ஓட்டுநருக்கு இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது.

"எங்க போகணும்?"

"கல்முனைக்குடி. ஆதம்பாவா வட்டவிதானை வீடு."

"எந்த ஆதம்பாவா?"

"சாகாமத்தில் வயல் இருக்கிறது. மகள் ஜெஸீமா டீச்சர். ரெண்டாவது ஒழுங்கை, நீலக் கேற்று."

"ஒழுங்கை நூறு இரிக்கி. ஜெஸீமா டீச்சர் எண்டு எங்கட பள்ளிக்கூடத்திலயே மூணு பேர். வேற அடையாளம் ஒண்டும் இல்லயா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். பேருந்தின் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவில் வெயில் ஏறியிருந்தது. வேறு அடையாளம் எதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"கூண்டுக்குருவி வீடு" என்றேன்.

"அத முதல்லயே சொல்லிரிக்கலாமே" என்று அவர் வண்டியைக் கிளப்பினார்.